அருவி வழியில் உட்கார்ந்தவள்

வேன் நின்ற இடத்தோடு தார்ச்சாலை முடிந்தது. அதற்கு மேல் காடுதான்.

இறங்கியவர்கள் எல்லோரும் முதலில் செய்த காரியம் கொட்டாவி விட்டது. விடியற்காலையில் கப்பல் இந்தத் தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டபோது, சங்கிலி இறங்கிய சத்தத்தில் தூக்கம் கலைந்தவர்கள். பிறகு படகில் கரைக்கு வந்து, வளைந்து வளைந்து மலையேறும் வேனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இப்போது இங்கே. சுற்றுலா என்றால் உற்சாகமாக இருக்க வேண்டுமே என்பதற்காக இரண்டு பேர் சிரித்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

சின்னவள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பெரியவள் இறங்கக் காத்திருந்தாள்.

இருவரும் ஓரகத்திகள். பெரியவள் அண்ணன் மனைவி, சின்னவள் தம்பி மனைவி. வாழ்க்கைப்பட்ட வீட்டில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். மாமியார் உடம்புக்கு முடியாமல் பத்து வருடங்களுக்கு மேல் கிடந்து, இந்த வருட ஆரம்பத்தில்தான் கண்ணை மூடினார். அத்தனை வருடமும் பார்த்துக்கொண்டவள் பெரியவள். பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் உதவியாளராக இருந்த வேலையை அதற்காகவே விட்டவள். சின்னவள் வேறு ஊரில், ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். விடுமுறைக்கு வருவாள், பழம் வாங்கி வருவாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமியாரின் கையைத் தடவிக்கொடுப்பாள், மறுநாள் மத்தியானம் கிளம்பிவிடுவாள். இதை யாரும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மாமியார் போன பிறகு பெரியவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பழக்கப்பட்ட நேரத்துக்கெல்லாம் விழிப்பு வந்து, எழுந்து, பாதி வழி போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நடையில் நின்றுகொண்டிருப்பாள். "அவளைக் கொஞ்சம் வெளிக்காத்துக்கு அனுப்பணும்" என்று அண்ணனும் தம்பியும் பேசி முடிவெடுத்தார்கள். கப்பல் படத்தைப் பார்த்தாலே தங்களுக்குக் குமட்டுகிறது என்று சொல்லி, மனைவிகளை மட்டும் ஏற்றிவிட்டார்கள்.

கப்பலிலும் பெரியவள் தூங்கவில்லை. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எப்போ வீட்டுக்குப் போவோம்?" என்றுதான் சொன்னாள்.

காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் வழிகாட்டி நின்றிருந்தாள். நடுவயதுப் பெண். முழங்கால்வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில். கப்பல் வரும் நாளெல்லாம் இதே பாதையில் ஏறி இறங்குகிறவள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பேருந்து நிறுத்தங்களைச் சொல்லும் நடத்துநரைப்போல ஏற்ற இறக்கமில்லாமல் பேசினாள்.

"கயிறு கட்டியிருக்கற பக்கமாவே நடங்க. ஈரப்பாறை மேல கால் வைக்காதீங்க. யாருக்காவது முடியலைன்னா என்னைக் கூப்பிடுங்க. நீங்களா யாருக்கும் கை குடுக்காதீங்க. வழுக்கற இடம், ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீங்க."

கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். "அருவி எவ்வளவு உயரம்மா?"

"நிமிர்ந்து பார்த்தா கழுத்து வலிக்கற உயரம் சார்."

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி சிரித்தது. வழிகாட்டி சிரிக்காமல் முன்னால் நடந்தாள்.

பாதையில் நுழைந்ததும் பகல் குறைந்துவிட்டது. தலைக்கு மேலே இலைகள் இடைவெளி இல்லாமல் கூரை போட்டிருந்தன. வெயில் என்பது எங்கோ மேலே, வேறு யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தது. கீழே விழுந்ததெல்லாம் பச்சை கலந்த ஒரு மங்கல்தான். காற்றில்லை. மூச்சை இழுத்தால் நனைந்த மரப்பட்டையும் அழுகிய இலையும் சேர்ந்த வாடை நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கியது. எங்கிருந்தோ சொட்டிக்கொண்டே இருந்தது. மழை இல்லை, ஆனாலும் சொட்டியது.

பெரியவள் கடைசியாக வந்தாள். சின்னவள் அவளுக்கு முன்னால் நடந்து, அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"முடியுதாக்கா?"

"வந்துட்டுத்தானே இருக்கேன். நீ முன்னாடி பார்த்து நட."

பாதி தூரம் போயிருப்பார்கள். பாதை ஒரு பெரிய மரத்தைச் சுற்றித் திரும்பியது. மரத்தின் வேர்கள் மண்ணுக்கு மேலே பலகை பலகையாக எழும்பி நின்றன. அதில் ஒன்று மட்டும் சாய்ந்து, பெஞ்சைப்போல அகலமாக, உட்காரத் தோதாக இருந்தது. காடு முழுவதும் சருகும் பாசியுமாகக் கிடக்க, அந்த வேர் மட்டும் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. பழைய அலுவலகங்களில் நாற்காலியின் கைப்பிடி கைபட்டுக் கைபட்டு மினுங்குமே, அந்த மினுக்கம்.

புதுப்பெண் அப்பாடா என்று அதை நோக்கிப் போனாள். வழிகாட்டி விசிலை ஊதினாள்.

காட்டுக்குள் அந்தச் சத்தம் அறைந்ததுபோல இருந்தது.

"அங்க வேணாம்மா. எறும்பு இருக்கு. நடங்க, நடங்க. மேலே போய் உட்காரலாம்."

சின்னவள் கடக்கும்போது பார்த்தாள். எறும்பு ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பூச்சிகளின் இரைச்சல்கூட இல்லை என்பது அதைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வழிகாட்டியின் நடை அங்கே மட்டும் வேகமாகியிருந்தது.

திருப்பம் தாண்டிச் சின்னவள் திரும்பிப் பார்த்தபோது பெரியவள் அந்த மரத்தடியில் நின்றிருந்தாள். குனிந்து, இடது கையை நீட்டியபடி. எதையோ கீழே போட்டுவிட்டு எடுக்கிறாள் என்று சின்னவள் நினைத்தாள்.

பிறகு பெரியவள் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினாள்.

அந்த நடை சரியாக இல்லை.

உடம்பு முழுவதும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது முழங்கை மடங்கி, யாருடைய முதுகையோ சுற்றிப் பிடித்ததுபோல அந்தரத்தில் வளைந்து நின்றது. சின்னச் சின்ன அடிகள். ஒரு அடி வைத்து, நின்று, பக்கத்தில் பார்த்து, பிறகு அடுத்த அடி.

அப்படி அவள் நடப்பதைச் சின்னவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மாமியாரைக் குளியலறைக்கு நடத்திக்கொண்டு போகும் நடை.

இப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. நீ போயிட்டே இரு. இவங்களுக்கு மெதுவாத்தான் வரும்."

"எவங்களுக்கு?"

பெரியவள் இடது பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் முதலில் வந்தது பயம் அல்ல, குழப்பம். கடையில் கைப்பிடித்து வந்த குழந்தையைக் காணாமல் தேடுகிறவளின் குழப்பம்.

"இங்கதானே இருந்தாங்க," என்றாள். "ஒரு அம்மா. வேர் மேல உட்கார்ந்திருந்தாங்க. நம்ம கப்பல்தான்னு நெனச்சேன். கொஞ்சம் கை குடும்மான்னாங்க. கை தானாப் போயிடுச்சு."

"யாருமே இல்லையேக்கா அங்க. நான் பார்த்துட்டுத்தானே வந்தேன்."

"சரி விடு. தூக்கம் கெட்டா இப்படித்தான் ஏதாவது தோணும்."

சொல்லிவிட்டு நடந்தாள். ஆனால் வளைந்த கை இறங்கவே இல்லை.

அருவி வந்தது. வழிகாட்டி சொன்ன உயரம்தான். கறுத்த பாறையிலிருந்து வெள்ளையாக விழுந்து, கீழே ஒரு குளமாகத் தேங்கியிருந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. புதுஜோடி படம் எடுத்துக்கொண்டது. தலைமையாசிரியர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்று தன் காலிடமே கேட்டார்.

பெரியவள் கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காருங்கக்கா."

"உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது போலிருக்கு."

அவள் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. சின்னவள் அந்த வளைந்த கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூட்டு பிடித்துக்கொண்டதுபோல இல்லை. அந்தக் கையின்மேல் எடை இருந்தது. இறக்க முயன்றபோது எடை தன் பக்கம் சரிந்தது அவளுக்கே தெரிந்தது.

வாடையும் தெரிந்தது. நனைந்த துணியை உலர்த்தாமல் பெட்டிக்குள் பல நாள் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அது.

சின்னவள் கையை விட்டுவிட்டாள்.

வழிகாட்டி அவர்களை நோக்கி வந்தாள். வந்தவள் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பெரியவளை அல்ல, தரையை.

குளத்தங்கரை முழுக்கச் சேறு. எல்லோருடைய காலடிகளும் அதில் பதிந்திருந்தன. தலைமையாசிரியர் நல்ல பருமன், அவருடைய செருப்புத் தடமே விரல் ஆழத்துக்குத்தான் இருந்தது. பெரியவள் ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவாள் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அவள் நடந்து வந்த தடம் மட்டும் கணுக்கால்வரை புதைந்து புதைந்து வந்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் ஊறி நின்றது.

வழிகாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பக்கம் திரும்பி, மேகம் கூடுகிறது, ஓடை ஏறிவிடும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் முன்னால் இறங்குங்கள், வழியில் எங்கும் நிற்க வேண்டாம், வேனில் காத்திருங்கள் என்று அதே நடத்துநர் குரலில் சொன்னாள். அவர்கள் போனதும் பெரியவளின் அருகில் வந்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேர்கிட்ட கை குடுத்தீங்களா?"

பெரியவள் தலையசைத்தாள்.

"சொன்னேனேம்மா."

"வயசானவங்க கை நீட்டினா எப்படிம்மா விட்டுட்டு வர்றது?"

வழிகாட்டி சின்னவளைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல நடந்தது. ஒரு கப்பல்ல வந்தவங்க. மகன், மருமகள், மகள்னு கூட ஒரு குடும்பமே வந்திருக்கு. அந்த அம்மாவால ஏற முடியலை. இந்த வேர்ல உட்காருங்க, திரும்பறப்போ கூட்டிட்டுப் போறோம்னு உட்கார வெச்சுட்டு மேல போனாங்க. திடீர்னு மழை. ஓடை பெருகி, இந்தப் பாதையே போயிடுச்சு. எல்லாரையும் மலைக்கு அந்தப் பக்கமா எறக்கினாங்க. கப்பல் கிளம்பற அவசரம். அம்மா மகளோட வர்றாங்கன்னு மகன் நெனச்சிருக்கார். அண்ணனோட போயிட்டாங்கன்னு மகள் நெனச்சிருக்காங்க."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் இங்க ஏற முடிஞ்சுது. உட்கார வெச்ச இடத்துலேயே உட்கார்ந்திருந்தாங்க. மழைக்குக்கூட நகரலை. வர்றோம்னு சொன்னாங்கல்ல."

சின்னவள் பெரியவளின் வளைந்த கையைப் பார்த்தாள்.

"இப்போ என்ன பண்றது?"

"கீழே போகப் போக எடை ஏறும். வேர் வரைக்கும் போய், எழுப்பின இடத்துலேயே உட்கார வெச்சுடணும். உட்கார வெச்சுட்டு, இங்கேயே இருங்க, இதோ வந்துட்டேன்னு சொல்லணும். சொன்னா இருந்துடுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா? இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கா?"

"கை குடுக்கறவங்க எல்லாக் கப்பல்லயும் யாராவது ஒருத்தர் இருப்பாங்க," என்றாள் வழிகாட்டி. அவள் குரலில் குற்றச்சாட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. அலுப்பு மட்டும் இருந்தது.

இறங்கினார்கள்.

வழிகாட்டி முன்னால், சின்னவள் பின்னால், நடுவில் பெரியவள். மேகம் உண்மையாகவே கூடிவிட்டது. இலைக்கூரைக்குக் கீழே இருந்த கொஞ்ச வெளிச்சமும் வடிந்து, முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் ஒரு கறுப்பாகத் தெரிந்தது. பெரியவளின் ஒவ்வொரு அடிக்கும் சேறு வாயைத் திறந்து, காலை விழுங்கி, மனமில்லாமல் விட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சு கேட்டது.

சின்னவள் கவனித்துக் கேட்டாள்.

ஒரு மூச்சு பெரியவளுடையது. இழுத்து, விட்டு.

அது முடிந்ததும் இன்னொன்று.

கொஞ்சம் கரகரப்பாக. கொஞ்சம் பின்தங்கி.

சின்னவளுக்குக் கால் ஓடத் துடித்தது. ஓடவில்லை. முன்னால் போகிற முதுகைப் பார்த்தாள். முழங்கால் மடங்கி மடங்கி எழும் அந்த ஒல்லி உடம்பைப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட இதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்று தோன்றியது.

"அக்கா, என்கிட்ட குடுங்க. நான் தூக்கிக்..."

வழிகாட்டி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

பெரியவள் திரும்பவில்லை. மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: "உனக்கு வராது. இதுக்கெல்லாம் பழக்கம் வேணும்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். சின்னவளுக்கு அது உள்ளே போய்க் குத்தியது. இத்தனை வருடமாக யாரும் சொல்லாதது இந்தக் காட்டில், இந்த நேரத்தில் வந்து சேர்ந்தது.

வேர் இருந்த இடத்துக்கு வந்தபோது பெரியவள் கிட்டத்தட்டத் தவழ்ந்துகொண்டிருந்தாள். வலது கையால் கயிற்றைப் பிடித்து உடம்பை இழுத்தாள். காடு வாய் மூடியிருந்தது. பூச்சி இல்லை, பறவை இல்லை. சொட்டிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டிருந்தது.

"உட்கார வைங்கம்மா," என்று வழிகாட்டி கிசுகிசுத்தாள்.

பெரியவள் வேருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்றாள். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். பிறகு, மிகவும் மெதுவாக, இல்லாத ஒருத்தியை வேரின்மேல் இறக்கினாள். முதலில் இடுப்பு. பிறகு முதுகு. கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்து, தலை மரத்தில் இடிக்காமல் சாய்த்தாள். கால்களை ஒன்றுசேர்த்து வைத்தாள். முழங்கால் மேல் துணியை இழுத்துவிட்டாள். ஒரு அசைவும் தப்பவில்லை. அங்கே ஒருத்தி இருப்பதை அந்தக் கைகளைப் பார்த்தே நம்பிவிடலாம்போல இருந்தது.

"இப்போ சொல்லுங்க. இதோ வந்துட்டேன்னு."

பெரியவள் சொல்லவில்லை.

"சொல்லிட்டு வந்துடுங்கம்மா. கை இன்னும் விடலை பாருங்க."

விடவில்லைதான். பெரியவளின் இடது மணிக்கட்டு வேருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தோலில் விரல்கள் அழுந்திய பள்ளங்கள் தெரிந்தன.

"பத்து வருஷத்துக்கு மேல இதைத்தாம்மா சொல்லிட்டிருந்தேன்," என்றாள் பெரியவள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன். அடுப்படியில இருந்து சொல்லுவேன், தூக்கத்துல சொல்லுவேன். இன்னும் ஒருதரம் சொல்லத் தெம்பில்லை எனக்கு."

"அக்கா, சொல்லிடுங்கக்கா," என்று சின்னவள் கெஞ்சினாள்.

பெரியவள் வேருக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டாள். முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நான் வரமாட்டேம்மா. யாரும் வரமாட்டாங்க. உங்களைக் கூட்டிட்டு வந்தவங்க அன்னிக்கே போயிட்டாங்க. இனிமே இங்க உட்கார்ந்து காத்திருக்க வேணாம்."

காட்டில் எதுவும் அசையவில்லை.

மணிக்கட்டில் இருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பெரியவளின் கை மெல்ல இறங்கி அவள் மடியில் விழுந்தது. அவள் தோள் நிமிர்ந்தது. சுமையை இறக்கியவர்கள் விடும் மூச்சு அவளிடமிருந்து வந்தது.

மேலேயிருந்து ஒரு காய்ந்த இலை சுழன்று சுழன்று இறங்கி, அந்தச் சுத்தமான வேரின்மேல் விழுந்தது. அங்கேயே கிடந்தது.

பூச்சிகள் மறுபடி இரையத் தொடங்கின.

சின்னவள் அழுதுவிட்டாள். பெரியவளைக் கட்டிக்கொண்டாள். ஒல்லி உடம்பு, வழக்கமான எடை, வழக்கமான வேர்வை வாசம். நிம்மதியில் சிரிப்புகூட வந்தது. திரும்பி வழிகாட்டியைப் பார்த்தாள், அவளும் சிரிப்பாள் என்று.

வழிகாட்டி வேரின்மேல் கிடந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதி இல்லை.

"இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை," என்றாள்.

அதற்கு மேல் எதுவும் பேசாமல் முன்னால் நடந்தாள். பாதையின் முடிவில் அவர்களை வேனில் ஏற்றிவிட்டு, வழியனுப்புகிறவர்களைப்போலக் கையசைக்காமல், காட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

வேனில் எல்லோரும் தூங்கிவழிந்தார்கள். பெரியவள் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருக்கை காலியாக இருந்தும் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அதைப் பார்த்தாள். களைப்பில் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

கப்பல் சாயங்காலம் கிளம்பியது. தீவு பின்னால் பச்சையாக, பிறகு நீலமாக, பிறகு ஒரு கறையாகச் சுருங்கியது. பெரியவள் குளித்துவிட்டு, தூக்கம் வருவதால் தான் அறையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். தூக்கம் வருகிறது என்று அவள் சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. சின்னவள் சந்தோஷமாகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் தன் கால்வலியை மேசை மேசையாகப் போய் விவரித்துக்கொண்டிருந்தார். அவள் வேகமாகச் சாப்பிட்டு முடித்து, பெரியவளுக்கு ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அன்று முழுவதும் நடந்த கால்கள் படிக்குப் படி கெஞ்சின.

கதவைத் தட்டினாள். உடனே திறக்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. பெரியவள் உதட்டின்மேல் விரலை வைத்திருந்தாள்.

"மெதுவா. இப்பத்தான் கண்ணசந்தாங்க."

சின்னவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

பெரியவள் தட்டைப் பார்த்துவிட்டு, தலையசைத்தாள். "மீன் வேணாம். முள்ளு இருக்கும். கரைச்ச மாதிரி ஏதாவது இருக்கான்னு பாரேன். சூப் இருந்தாலும் போதும்."

"அக்கா," என்றாள் சின்னவள். "அக்கா, வெளியே வாங்க."

"எங்க வர்றது? இவங்க எழுந்தா யாரு இருக்கா பார்த்துக்க?" பெரியவள் சலிப்போடுதான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. மாமியார் போன பிறகு அந்த முகத்தில் சின்னவள் காணாத அமைதி. "வேற எங்க போவாங்க பாவம்? அங்க இருக்க வேணாம்னு சொன்னது நான்தானே. நீ இன்னிக்கு என் கட்டில்லயே படுத்துக்கோ. நான் கீழே படுத்துக்கறேன்."

அவள் தோளுக்கு மேலே அறை தெரிந்தது. வட்ட ஜன்னலை ஒட்டி இருந்தது சின்னவளின் கட்டில். காலையில் அவள் மடித்துவைத்த போர்வை இப்போது விரிக்கப்பட்டு, கழுத்து வரும் இடம்வரை ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. தலையணை நடுவில் அழுந்தியிருந்தது. அதில் யாரும் இல்லை.

கட்டில் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி, தரை விரிப்பில் ஒரு கறுப்பு வட்டம் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

போர்வை அசைந்தது. யாரோ சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுப்பதுபோல, கட்டில் மெல்ல முனகியது.

பெரியவள் சின்னவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் மூடியிருந்தன.

குரல் கட்டில் பக்கமிருந்து வந்தது. கரகரப்பான, மிகவும் களைத்த குரல்.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா. குளிருது."

சின்னவள் கதவைச் சாத்தினாள்.